ஜிம் சைக்கிள் To இசிஆர் எனக் கிளம்பும் முன்... உள்ளே மிதித்த மிதி, வெளியே எவ்வளவு கைகொடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5 மணிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். திருவான்மியூர் பக்கமிருந்து சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டு வரிசையாக சைக்கிள்கள் தெற்கு நோக்கிப் போகும். முட்டுக்காடு பாலம், கோவளம், திருவிடந்தை தாண்டி மாமல்லபுரம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது சென்னையின் வார இறுதி வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. முதல்வராகப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 2021 ஜூலையில் மு.க.ஸ்டாலின் இதே சாலையில் மாமல்லபுரத்துக்கு சைக்கிளில் போன படங்கள் வைரலாகின. ஓய்வுபெற்ற டி.ஜி.பி. சைலேந்திர பாபு, நடிகர் ஆர்யா என சைக்கிள் பிரியர்களாக ஊரறிந்த முகங்களும் நிறைய.

இதைப் பார்த்து ஆசைப்படும் பலரின் முதல் படி, சாலையில் அல்ல. ஜிம்மில் அல்லது வீட்டு ஹாலில்தான் தொடங்குகிறது. ஆபீஸ் முடிந்து இரவு 8 மணிக்கு ஸ்பின் பைக்கில் 45 நிமிடம். இரண்டு மாதம் கழித்து, "இனி மகாபலிபுரம் சும்மா போய்ட்டு வந்துடலாம்" என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? உள்ளே மிதிப்பது எதைத் தரும், எதைத் தராது? விரிவாகப் பார்ப்போம்.

ஸ்பின்னிங் பிறந்ததே சாலைக்காகத்தான்

ஜிம்மில் பாட்டுப் போட்டு, லைட்டை அணைத்து, கூட்டமாக மிதிக்கும் 'ஸ்பின்னிங்' ஏதோ எடை குறைப்புக்காக வந்த விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை உருவாக்கிய ஜானி கோல்ட்பெர்க் ஒரு நீண்டதூர சைக்கிள் வீரர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய இவர், 1980களில் அமெரிக்காவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' போட்டிக்குத் தயாராகிக் கொண்டிருந்தார். தூரம் சுமார் 4,800 கி.மீ. இரவில் சாலையில் பயிற்சி செய்தபோது ஒரு கார் மோதாமல் தப்பியதும், வீட்டிலேயே மிதிக்க ஒரு சைக்கிளைத் தயார் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்து வந்ததுதான் ஸ்பின் பைக்.

ஆக, சாலையில் உயிர் பயம், அதனால் வீட்டுக்குள் பயிற்சி என்ற கதை புதிதல்ல. இன்று இசிஆரில் ஓட்டத் தயங்குபவர் சொல்லும் காரணமும் அதேதான்.

ஒரு கேரேஜும் ஒரு கோப்பையும்

உள்ளே எடுத்த பயிற்சி வெளியே பலிக்குமா என்ற கேள்விக்கு உலகம் அடிக்கடி காட்டும் உதாரணம், ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன்.

2016 பிப்ரவரி 27 அன்று பெல்ஜியத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வாரத்தில் பாரிஸ் - ரூபே பந்தயம். 257 கி.மீ. தூரம், அதில் கணிசமான பகுதி கருங்கல் பாவிய கரடுமுரடான பாதை. வேறு யாராக இருந்தாலும் அந்த சீசனை மறந்திருப்பார்கள். ஹேமன் உடைந்த கையோடு கேரேஜில் சைக்கிளை ட்ரெய்னரில் பூட்டி, 'ஸ்விஃப்ட்' என்ற செயலியின் கற்பனைச் சாலைகளில் மிதித்துத் தள்ளினார். ஏப்ரல் 10 அன்று ஸ்பிரின்ட்டில் டாம் பூனனையே முந்தி கோப்பையை வென்றார். அப்போது அவருக்கு வயது 37.

இந்தக் கதை வழக்கமாக இங்கேயே முடிக்கப்படும். ஆனால், அடுத்த வரிதான் முக்கியம். அது ஹேமனுக்கு 15-வது பாரிஸ் - ரூபே. அந்தக் கற்களில் எங்கே ப்ரேக் பிடிக்கணும், எங்கே கையைத் தளர்த்தணும், கூட்டத்தில் எங்கே இருக்கணும் என்பதெல்லாம் 14 முறை ஓட்டி உடம்பில் ஊறியிருந்தது. கேரேஜ் அவருக்குக் கொடுத்தது, இன்ஜின் அணையாமல் பார்த்துக்கொண்டதை மட்டுமே.

இன்னொரு ஆஸ்திரேலியர் ஜே வைன். ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் 2020-ல் வென்று, நேரடியாக ஐரோப்பிய தொழில்முறை அணியில் ஒப்பந்தம் பெற்றவர். 2022 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்றார். அவரும் அதற்கு முன் உள்ளூர் சாலைப் பந்தயங்களில் ஓட்டியவர்தான். செயலி அவருடைய கால் பலத்தை உலகத்துக்குக் காட்டியது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை.

உள்ளே மிதித்தால் என்ன கிடைக்கும்?

முதல் லாபம், இதயம். சாலையில் சிக்னல், வேகத்தடை, மாடு, இறக்கம் என்று பெடல் நின்று நின்றுதான் போகும். உள்ளே அப்படி இல்லை. 45 நிமிடம் என்றால் 45 நிமிடமும் மிதிதான். அதனால்தான் வெளியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிய களைப்பு, உள்ளே முக்கால் மணியிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது, அளவு. எவ்வளவு கஷ்டப்பட்டு மிதிக்கிறோம் என்பதை வாட் கணக்கில் அளக்கலாம். ஒரு மணி நேரம் தொடர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சராசரி வாட்டை 'எஃப்.டி.பி.' என்கிறார்கள். நடைமுறையில், 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, வரும் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். 20 நிமிடத்தில் 160 வாட் வந்தால், எஃப்.டி.பி. சுமார் 152. மீட்டர் இல்லையா? பேச்சே போதும். முழு வாக்கியம் பேச முடிந்தால் எளிது. நாலு வார்த்தைக்கு மேல் முடியவில்லை என்றால் கடினம்.

மூன்றாவது, தொடர்ச்சி. நம்மூருக்கு இதுதான் பெரிய லாபம். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை, கடலோரத்தை வாரக்கணக்கில் முடக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். பயிற்சியை இரண்டு மூன்று வாரம் விட்டாலே இதய - நுரையீரல் திறன் இறங்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் மூன்று நாள் உள்ளே மிதித்தவர், ஜனவரியில் ஜீரோவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இடைவெளிப் பயிற்சிக்கும் உள்ளறைதான் வசதி. நார்வே ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட பிரபலமான ஆய்வு ஒன்று உண்டு. 4 நிமிடம் கடும் வேகம், 3 நிமிடம் மெதுவாக என நான்கு சுற்று. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் சராசரியாக 7.2 சதவீதம் கூடியது. அது ஓட்டப் பயிற்சியில் செய்த ஆய்வு என்றாலும், இன்று சைக்கிள் பயிற்சியாளர்களும் இதே '4x4' முறையை அதிகம் பயன்படுத்துகிறார்கள். 4 நிமிடம் தலை குனிந்து மூச்சு வாங்க மிதிப்பதை இசிஆரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் செய்வது ஆபத்து. உள்ளே அந்தப் பிரச்சினை இல்லை.

என்ன கிடைக்காது?

1. காற்று

இசிஆரில் மலை கிடையாது. ஆனால், காற்று இருக்கிறது. கடலோரத்துக்கு அதுதான் மலை.

ஒரு தோராயக் கணக்கு: ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போக சுமார் 110 வாட் போதும். எதிரே மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், அதே 25-ஐத் தக்கவைக்க ஏறக்குறைய 230 வாட் வேண்டும். அதாவது, இரண்டு மடங்கு! ஜிம்மில் 150 வாட்டில் சுகமாக மிதித்தவர், திரும்பும் வழியில் 20-க்கு மேல் போகாமல் திணறுவது இதனால்தான்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் மாமல்லபுரம் போகும்போது காற்று முதுகில் தள்ளும். "ஆஹா, நம்ம ஃபிட்னஸ் வேற லெவல்" என்று தோன்றும். வீட்டுக்குத் திரும்பும் 45 கி.மீ.யில்தான் கணக்குத் தெரியும். கோடையில் வெயில் ஏறஏறக் கடல்காற்றும் எழும். ஆகவே, போகும்போது பலத்தில் பாதியைக்கூடச் செலவழிக்கக் கூடாது என்பது இந்தச் சாலையின் முதல் பாடம்.

2. வெயில்

மனித உடம்பு ஒரு மோசமான இன்ஜின். எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகும். மிச்சம் எல்லாம் வெப்பம். 150 வாட்டில் மிதிப்பவரின் உடம்பு சுமார் 500 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வீட்டு அயர்ன் பாக்ஸில் பாதி அளவு!

ஏசி அறையில் அந்த வேலை எளிது. அக்னி நட்சத்திர வெயிலில், கடலோர ஈரப்பதத்தில், வியர்வை காயவே காயாது. உடம்பு குளிராது. வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்குத் தனியாக 10 முதல் 14 நாள் வரை பிடிக்கும். அப்போதுதான் ரத்தத்தின் திரவ அளவு கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதே வேகத்தில் இதயத் துடிப்பு குறையும். ஏசியில் எட்டு மாதம் மிதித்தாலும் இந்தப் பழக்கம் வராது. வந்த பழக்கமும் சில வாரம் விட்டால் போய்விடும்.

அதற்காக வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு மிதிப்பதும் தீர்வல்ல. காற்றோட்டம் இல்லாத அறையில் கடும் பயிற்சி செய்வது, வெயிலில் ஓட்டுவதைவிட மோசமாகலாம். உள்ளே கடும் பயிற்சி என்றால் ஃபேன் கட்டாயம். வெளியே, கோடைத் தொடக்கத்தில் இரண்டு வாரம் தூரத்தையும் வேகத்தையும் குறைத்து ஓட்டுவதே சரியான வழி.

3. கைப்பழக்கம்

ஸ்பின் பைக் விழாது. அதில் பேலன்ஸ் இல்லை, திருப்பம் இல்லை. ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டுவது, நேர்கோடு மாறாமல் திரும்பிப் பின்னால் பார்ப்பது, மணல் படிந்த ஓரத்தில் ப்ரேக் பிடிப்பது, பஸ் கடக்கும்போது பக்கவாட்டில் அடிக்கும் காற்றைச் சமாளிப்பது... எதையும் அது கற்றுத்தராது.

சிக்கல் என்னவென்றால், பலம் முதலில் வந்துவிடுகிறது. பழக்கம் பின்னால்தான் வருகிறது. இரண்டு மாத ஜிம் கால்கள் 30 கி.மீ. வேகத்தைத் தொடும். அந்த வேகத்தில் குறுக்கே நாய் வந்தால் என்ன செய்வது என்று கைகளுக்குத் தெரியாது. புதிதாகக் கூட்டத்தில் சேர்ந்து, முன்சக்கரத்தை இன்னொருவரின் பின்சக்கரத்தோடு உரசி விழுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

4. உட்காரும் நேரம்

45 நிமிடமும் 4 மணி நேரமும் ஒன்றல்ல. கழுத்து, உள்ளங்கை, இடுப்பு, சீட்டில் படும் இடம் எல்லாம் தனியாகப் பழக வேண்டும். ஜிம் பைக்கின் உட்காரும் முறை, சொந்த சைக்கிளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். முழங்கால் வலிக்கு சீட் உயரம் தவறாக இருப்பதே பல சமயம் காரணம்.

எந்த மெஷின் நல்லது?

வெளியே ஓட்டுவதுதான் இலக்கு என்றால், சொந்த சைக்கிளையே பூட்டி மிதிக்கும் ட்ரெய்னர் சிறந்தது. அதே சீட், அதே ஹேண்டில்பார், அதே கியர். பின்டயரில் உருளை உரசும் சாதாரண வகை மலிவு. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டும் ஸ்மார்ட் ட்ரெய்னர், ஒரு நல்ல சைக்கிளின் விலைக்கே வந்துவிடும். தொடங்குபவருக்கு அது அவசியமில்லை. ஜிம் ஸ்பின் பைக்கும் போதும். வாட் காட்டாவிட்டால் இதயத்துடிப்பையோ பேச்சையோ வைத்து அளக்கலாம். ஒன்றை மட்டும் தவிர்க்கணும்: எதிர்ப்பே இல்லாமல் காலைச் சுழற்றுவது. நிமிடத்துக்கு 80 முதல் 95 சுற்று, காலில் பாரம் தெரிகிற அளவு எதிர்ப்பு. சாலைக்கு உதவும் மிதி அதுதான்.

முதல் வகுப்பிலேயே எச்சரிக்கை

பழக்கமே இல்லாதவர்கள் முதல் ஸ்பின் வகுப்பிலேயே பக்கத்து சீட்டோடு போட்டி போட்டு, தொடைத் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. 'ராப்டோமயோலிசிஸ்' என்று பெயர். ஓரிரு நாளில் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால், "மசில் பெயின்தானே" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் பாதி நேரம், பாதி பலம் போதும். நெஞ்சுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு போன்றவை இருந்தால், டாக்டரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

எட்டு வாரத்தில் மாமல்லபுரம்: ஒரு மாதிரித் திட்டம்

வாரம் 1, 2: உள்ளே மூன்று நாள், தலா 30 நிமிடம், பேசிக்கொண்டே மிதிக்கிற அளவு. வார இறுதியில் வீட்டுப் பக்கத்துத் தெருவில் ஒரு மணி நேரம். தூரம் முக்கியமல்ல. ஒரு கையில் ஓட்டுவது, திரும்பிப் பார்ப்பது, திடீர் ப்ரேக் பழகுவது மட்டும்.

வாரம் 3, 4: உள்ளே ஒரு நாள் 45 நிமிடம் எளிதாக, ஒரு நாள் 4 நிமிடக் கடும் மிதி இரண்டு அல்லது மூன்று சுற்று, ஒரு நாள் நடுத்தர வேகத்தில் 10 நிமிடம் இரண்டு முறை. வெளியே 15 முதல் 20 கி.மீ.

வாரம் 5, 6: கடும் மிதி நான்கு சுற்று, நடுத்தர வேகம் 15 நிமிடம் இரண்டு முறை. வெளியே 30 முதல் 40 கி.மீ., பழக்கமுள்ள ஒருவரோடு. செங்கல்பட்டுக்காரர்களுக்கு திருக்கழுக்குன்றம் போய்த் திரும்புவது இந்தக் கட்டத்துக்குச் சரியாக இருக்கும். போக சுமார் 14 கி.மீ.

வாரம் 7: உள்ளே இரண்டு நாள் போதும். வெளியே 50 கி.மீ. எதிர்காற்றில் கியரைக் குறைத்து, வேகத்தைப் பார்க்காமல், மூச்சைப் பார்த்து ஓட்டிப் பழகணும்.

வாரம் 8: பயிற்சியைப் பாதியாகக் குறைத்து ஓய்வு. வார இறுதியில் மாமல்லபுரம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போக சுமார் 30 கி.மீ. திருவான்மியூரிலிருந்து என்றால் போகவர 90 கி.மீ.; முதல் முறைக்கு அது அதிகம். கோவளம் வரை போய்த் திரும்புவதில் அவமானம் ஒன்றுமில்லை.

தண்ணீர் கணக்கு எளிது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதுவே உங்கள் அளவு. நீண்ட நேரம் ஓட்டினால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். உப்பு போட்ட மோரும் அந்த வேலையைச் செய்யும். கூட ஓட்டுபவர் தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் களைப்பல்ல. நிழலில் படுக்கவைத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும்.

சாலையை விட்டு ஓடுவதா தீர்வு?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இந்தப் பின்னணியில், "எதுக்கு ரிஸ்க், வீட்டிலேயே மிதிச்சுக்கலாம்" என்று ஒருவர் முடிவெடுப்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

ஆனால், அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. அதே சாலையில் அதே இருட்டில், லைட் இல்லாத பழைய சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் 1 படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ட்ரெய்னரும் இல்லை, செயலியும் இல்லை. சாலை அகலமாகும்போதெல்லாம் வாகனங்களின் வேகமும் கூடுகிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை நான்குவழியாக்கும் திட்டம் போன்றவற்றில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி, வார இறுதி ரைடர்களைவிட இவர்களுக்குத்தான் முக்கியம். அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்கும் வசதி வார இறுதி ரைடர்களுக்குத்தான் இருக்கிறது. எல்லோரும் ஹாலுக்குள் போய்விட்டால், கேட்க ஆளிருக்காது.

இந்தியாவில் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும், போடுங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். மே மாதம் 5.45 மணிக்கு வெளிச்சம் வந்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகும். குளிர்காலத்தில் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் எதுவும் குடிமுழுகிப் போகாது. இயர்போன் வேண்டாம். பேசிக்கொண்டு இருவர் மூவராகச் சாலையை அடைத்து ஓட்ட வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், வாரத்தில் மூன்று நாள் உள்ளே, ஒரு நாள் வெளியே. உள்ளே மிதிப்பது காலுக்கும் இதயத்துக்கும். வெளியே ஓட்டுவது கண்ணுக்கும் கைக்கும், வெயிலுக்கும் காற்றுக்கும். அந்த ஒரு நாளை விட்டுவிட்டு மற்ற மூன்று நாளை மட்டும் நம்பி இசிஆரில் இறங்கினால், மாமல்லபுரம் வரை கால்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திரும்பி வரும் வழிதான் பிரச்சினை.